கடவுச்சீட்டும் கள்ளத்தோணியும்

இலண்டனில் வாழும் உறவினர் ஒருவர் அண்மையில் குடும்பத்துடன் யாழ்ப்பாணம் வந்திருந்தார். காலஞ்சென்ற தந்தையாரின் இரும்புப் பெட்டியைத் துப்புரவு செய்தபோது அகப்பட்ட பழைய இலங்கைக் கடவுச்சீட்டு ஒன்றை என்னிடம் எடுத்து வந்து காட்டினார். 1958 ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. அந்தப் பெரியவர் அதே ஆண்டில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, நான்கு ஆண்டுகளின் பின் ஊர் திரும்பி, ஆசிரியராகவே இருந்து ஓய்வு பெற்றவர்.

உறவினரின் மகனுக்குப் பதினேழு வயது. இலண்டனிலேயே பிறந்தவன். கடவுச்சீட்டின் பக்கங்களை முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டு, "அப்பப்பாவின்ரை விசா எங்கே?" என்று கேட்டான்.

விசா இல்லை, தேவைப்படவும் இல்லை என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகச் சொல்லத் தொடங்கிய கதையையே இங்கு சற்று விரித்து எழுதுகிறேன். வெளிநாடுகளில் வாழும் வாசகர்களிற் பலர் இக்கதையின் ஏதாவதோர் அத்தியாயத்தில் தம்மைக் காணக்கூடும்.

இலங்கை 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திரம் அடைந்தபோது பொதுநலவாயத்தில் அங்கம் பெற்றது. பிரித்தானியா 1948 இல் இயற்றிய தேசிய இனச் சட்டத்தின்படி, பொதுநலவாய நாடொன்றின் பிரசை எவரும் பிரித்தானியாவுக்குள் தடையின்றி நுழையலாம்; அங்கு வசிக்கலாம்; வேலை செய்யலாம். விசா, வேலை அனுமதி, வதிவிட அனுமதி என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. கப்பற் பயணச்சீட்டுக்குப் பணமும் கையில் ஒரு கடவுச்சீட்டும் இருந்தாற் போதும். மருத்துவரும் சட்டம் படிக்கச் சென்றோரும் கணக்கியல் மாணவரும் அவ்வாறுதான் கொழும்பிலிருந்து கப்பலேறினர்.

ஆயினும் இந்த வரலாற்றில் நமக்கு வசதியான பாதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த முடியாது. பிரித்தானியாவின் கதவு நமக்குத் திறந்திருந்த அதே ஆண்டுகளில், இலங்கை தன் கதவை வேறு சிலருக்கு மூடிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னர் பாக்கு நீரிணை ஓர் எல்லையாகவே கருதப்பட்டதில்லை. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் கொழும்புக்கு மீண்டும் ரயில் என்று ஒரே பயணமாக வந்து சேரலாம். வல்வெட்டித்துறையிலிருந்தும் ஊர்காவற்றுறையிலிருந்தும் வத்தைகள் நாகபட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் போய் வந்தன. சிதம்பரத்துக்குத் திருவிழாவுக்குப் போனவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டுப் போனதில்லை.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் அந்நிலையை மாற்றின. பின்னைய சட்டம் 1949 நவம்பர் 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல் இந்தியாவிலிருந்து வருபவருக்குக் கடவுச்சீட்டும் விசாவும் அவசியமாயின. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கடை வைத்திருந்த இந்திய வணிகர்கள் தற்காலிக வதிவிட அனுமதி பெற வேண்டியவர்களானார்கள். அந்த அனுமதி காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்க மறுத்தால் கடையைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மலையகத் தோட்டத் தொழிலாளரின் நிலை இதனினும் கொடியது. வம்சாவழிப் பிரசை என்று நிரூபிப்பதற்குத் தந்தை இலங்கையில் பிறந்ததற்கான சான்று வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கான சான்று வேண்டும். லயன் அறைகளில் பிறந்து மடிந்த மக்களிடம் அத்தகைய பத்திரங்கள் எங்கிருந்து வரும்? 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் மற்றொரு வழியைக் காட்டியது. 1946 ஜனவரி 1 க்கு முன்னர், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் மணமாகாதவராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் முதன்மையானது. தாயின் மரணச் சடங்குக்காகத் திருச்சிக்குச் சென்று திரும்பத் தாமதித்தவர், அந்த 'இடையறாத வதிவு' அறுந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியிருந்தது. இச்சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. குடியுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. எஞ்சியோர் விடயம் 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள் இரு நாடுகளுக்கிடையே எண்களாகப் பங்கிடப்பட்டனர். நாடற்றவர் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே ஒரு முடிவுக்கு வந்தது.

குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துத் தமிழ்த் தலைவர்கள் சிலர் பிரிந்து நின்றதும், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்ததும் வரலாறு. ஆனால் சாதாரண மக்களின் பேச்சு வேறாக இருந்தது. கடல்வழியே அனுமதியின்றி வந்தவருக்குக் 'கள்ளத்தோணி' என்று பெயர் வைத்தோம். விரைவில் அப்பெயர் தோணியில் வராதவருக்கும் ஒட்டிக்கொண்டது. மலையகத்திலிருந்து வடக்கே வேலைக்கு வந்த சிறுவனும் கள்ளத்தோணி. இந்நாட்டிலேயே மூன்று தலைமுறை கண்டவனும் கள்ளத்தோணி. சட்டவிரோதக் குடிவரவைத் தடுக்க 1952 இல் 'மொன்ரி' என்ற பெயரில் வட கரையோரத்தில் இராணுவ நடவடிக்கை ஆரம்பிக்கப்பட்டது. அறுபதுகளில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோதும் இத்தகைய செய்திகள் வந்தபடியே இருந்தன. "கள்ளத்தோணிகள் பிடிபட்டனர்" என்று நானே தலைப்பிட்டிருக்கிறேன். தோணியில் இருந்தவர் யார், ஏன் வந்தார் என்று ஒரு நாளேனும் விசாரித்து எழுதியதாக நினைவில்லை.

இனி மீண்டும் பிரித்தானியாவின் கதவுக்கு வருவோம். 1962 ஜூலை 1 ஆம் திகதி பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை தேடிச் செல்பவருக்கு வவுச்சர் தேவைப்பட்டது. குறிப்பிட்ட வேலை உறுதியானவருக்கு ஒருவகை, தேர்ச்சி பெற்றவருக்கு ஒருவகை, ஏனையோருக்கு மூன்றாவது வகை. மூன்றாவது வகை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. 1973 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 1971 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் பழைய பொதுநலவாய உரிமையைப் பெரும்பாலும் இல்லாமற் செய்தது.

ஆயினும் ஒரு கதவு மிஞ்சியிருந்தது. இலங்கையர் பொதுநலவாயத்தவர் என்பதால், பயணியாகவோ மாணவராகவோ செல்வதற்கு முன்கூட்டியே விசா பெற வேண்டியதில்லை. ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, அங்கு அதிகாரியின் முன்னே நின்று அனுமதி கேட்கலாம். அவர் தரலாம், மறுக்கலாம். ஆனால் கேட்கும் இடம் இலண்டனாக இருந்தது. இந்தச் சிறிய வேறுபாட்டின் பெறுமதி 1983 ஜூலைக்குப் பின்னரே விளங்கியது. 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின்படி, தன் நாட்டுக்கு வெளியே நிற்பவரே அகதியாக முடியும். தஞ்சம் கேட்பதற்கென்று ஒரு பிரித்தானிய விசா கிடையாது. ஆகவே விசா இன்றிச் சென்று இறங்கக்கூடிய ஒரு நாடு இருக்கும்வரையில்தான் தஞ்சம் என்ற உரிமைக்கு நடைமுறையில் உயிர் இருந்தது.

என் உறவினர் 1984 இல், பத்தொன்பது வயதில், அவ்வாறுதான் ஹீத்ரோவில் இறங்கினார்.

1985 மே மாத இறுதியில் அக்கதவு அடைபட்டது. இலங்கையர் பிரித்தானியாவுக்குப் புறப்படுமுன் விசா பெற வேண்டும் என்ற விதி உடனடியாக நடைமுறைக்கு வந்தது. பொதுநலவாய நாடொன்றின் மீது பிரித்தானியா இவ்வாறு விசா விதித்தது அதுவே முதற்தடவை. அடுத்த ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கானா, நைஜீரியா ஆகிய நாடுகளும் அப்பட்டியலிற் சேர்ந்தன. எல்லை, ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு நகர்ந்துவிட்டது என்பதே இதன் பொருள். தஞ்சம் கேட்க வேண்டிய இளைஞன் தஞ்சம் கேட்க முடியாத இடத்திலேயே தடுக்கப்பட்டான்.

அக்காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. மொஸ்கோ ஊடாகக் கிழக்கு பேர்லினுக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழையலாம். பேர்லினின் நடுவே ஓடிய கோட்டினைச் சர்வதேச எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காமையால், மேற்குப் பக்கத்தில் முறையான குடிவரவுச் சோதனை நடத்தப்படவில்லை. மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு தஞ்ச உரிமையை வெளிப்படையாக வழங்கியிருந்தது. பல்லாயிரம் தமிழ் இளைஞர்கள் இவ்வழியாகவே ஐரோப்பாவை அடைந்தனர். 1985 ஜூலையில், மேற்கு ஜேர்மனியின் வற்புறுத்தலுக்கு இணங்கிய கிழக்கு ஜேர்மனி, மேற்கின் விசா இல்லாத இலங்கைத் தமிழரை ஏற்றிவருவதை நிறுத்தியது. இரண்டு மாத இடைவெளிக்குள் இரண்டு கதவுகள் மூடின. அதன் பின்னரே 'ஏஜென்ற்' என்ற சொல் நம்மூரில் வீட்டுக்கு வீடு ஒலிக்கத் தொடங்கியது. காணி ஈடு வைக்கப்பட்டது, தாலிக்கொடி விற்கப்பட்டது.

1986 ஒகஸ்ட் 11 ஆம் திகதி, கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், பனிமூட்டத்தில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழர்களை அவ்வூர் மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலொன்றில் ஏற்றிவரப்பட்டு நடுக்கடலில் படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். முதலில் தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். உண்மை வெளியானபோது கனடாவில் கடும் விமர்சனம் எழுந்தது. எனினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. ஓராண்டுக்கு வசிக்கவும் வேலை செய்யவும் அமைச்சரின் அனுமதி வழங்கப்பட்டது. கனடிய மண்ணில் நின்று தஞ்சம் கோரும் எவரையும் நேரில் அழைத்து விசாரிக்காமல் மறுக்க முடியாது என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1985 ஏப்ரலில் அளித்த தீர்ப்பும் தஞ்சம் கோருவோருக்கு அரணாக இருந்தது. இன்று ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பை அறிவர்?

அந்தச் செய்தி வந்த இரவு பத்திரிகை அலுவலகத்தில் தலைப்பிடும் பொறுப்பு எனக்கிருந்தது. கடல், அனுமதியில்லாப் படகு, ஏற்றிவிட்டுப் பணம் பெற்றவன், பொய் சொல்ல நேர்ந்த பயணி. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் நான் எழுதிய செய்திகளில் இருந்த அதே விபரங்கள். அன்று கைக்குச் சுலபமாக வந்த சொல் இன்று வரவில்லை. "155 தமிழர் கடலில் மீட்பு" என்று எழுதிக் கொடுத்தேன்.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் இறங்கிய சுமார் 60 தமிழர்களை உடனடியாகத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் முயன்றபோது, அவர்களிற் சிலர் விமானத்தருகே தம் ஆடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். நீதிமன்றம் தலையிட்டு அனுப்புவதைத் தடுத்தது. அடுத்த மாதமே, உரிய பத்திரமில்லாத பயணி ஒவ்வொருவருக்கும் விமான நிறுவனம் 1,000 பவுண் செலுத்த வேண்டும் என்ற சட்டமூலம் அறிவிக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே சட்டமாயிற்று. அதன் பின்னர் பயணச்சீட்டுக் கொடுக்கும் ஊழியரே குடிவரவு அதிகாரியுமானார். 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை ஆறு தமிழர்களின் வழக்கில், ஒருவரது அச்சம் உண்மையானதாக இருந்தாற் போதாது, புறச்சூழலும் அதை நியாயப்படுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்றும் அகதி வழக்குகளில் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. அவர்களில் ஐவர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1989 இல் மேன்முறையீட்டில் வென்று, மீண்டும் பிரித்தானியாவுக்கே வந்து சேர்ந்தனர்.

உறவினரின் தம்பி புறப்பட்டது 1986 இல். அண்ணன் இலண்டனில் இருந்தார். அங்கு செல்ல விசா கிடைக்கவில்லை. ஏஜென்ற் ஒருவரை நம்பிச் சென்றவர், பல நாடுகளில் ஓராண்டுக்கும் மேலாக அலைக்கழிந்து கனடாவை அடைந்தார். அதன் பின் சகோதரர் இருவரும் நேரிற் சந்திக்கப் பதினொரு ஆண்டுகள் சென்றன. தந்தையாரின் இறுதிச் சடங்குக்கு ஒருவர்தான் வர முடிந்தது. கதவு மூடியதற்கு ஓராண்டு முன்னர் புறப்பட்டவர் ஒருவர், ஓராண்டு பின்னர் புறப்பட்டவர் மற்றவர். இருவருக்குமிடையில் இருந்த வேறுபாடு அது ஒன்றே.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மகன், தன் பிரித்தானியக் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தான். இலங்கைக்கு வருவதற்கு அவனும் இணையவழி அனுமதி பெற்றே வந்திருந்தான். 2012 இல் அம்முறை அறிமுகமானது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத அவனது தந்தைக்கும் அதே விதிதான். பிறந்து தவழ்ந்த வீட்டில் அவர் இப்போது குறித்த நாட்களுக்கு மட்டும் தங்க அனுமதிக்கப்பட்ட வெளிநாட்டவர்.

புலம்பெயர்ந்த நம்மவர் சிலர், தமக்குப் பின்னால் வருவோரைச் 'சட்டவிரோதமாக வந்தவர்கள்' என்று ஏளனமாகப் பேசுவதை இப்போதெல்லாம் கேட்க நேர்கிறது. சிறு படகுகளில் ஆங்கிலக் கால்வாயைக் கடப்போரைப் பற்றி அவ்வாறு பேசுபவர்களிடம் எனக்குக் கோபமில்லை. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே தலைப்பெழுதியவன். ஆயினும் அவர்கள் ஒருமுறை தங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். பழைய கடவுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் எந்த முத்திரை இருக்கிறது, எந்தப் பக்கத்தில் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

உறவினர் தந்தையாரின் கடவுச்சீட்டைத் தம்முடன் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். கட்டுநாயக்கவுக்குப் புறப்படுமுன் அதைத் தானே வைத்திருப்பதாக மகன் கேட்டு வாங்கிக்கொண்டான்.