தீட்டாத வாள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் சேத்தூர், கொல்லங்கொண்டான் முதலிய பாளையங்களை, அதாவது படைக்கடமையோடு நிலவுரிமை பெற்ற குறுநில ஆட்சிகளைக் கொண்டிருந்த பகுதியாகும். தென்பாளையங்களின் கிளர்ச்சி 1801இல் ஒடுக்கப்பட்டபின் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பறித்தது; 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமோ ஆயுதம் தாங்கிச் செல்வதற்கு உரிமம் கேட்டது. இத்தனை இழப்புக்குப் பின்னும் வாள்வீச்சு முற்றாக அழியாமல் சிலம்பத்தின் உட்பிரிவாக எஞ்சியது பெரும்பேறே.

சிலம்பத்தில் மாணவர் முதலில் கம்பைப் பழகி, கால்வரிசை எனப்படும் அடிவைப்பு முறை படிந்த பின்னரே வாளையும், வளைந்து சுருளும் மெல்லிய எஃகுத் தகடான சுருள்வாளையும் ஏந்துவர்; பயிற்சிக்கு விளிம்பு தீட்டாத வாளே பொருந்தும், ஆயினும் மழுங்கிய எஃகும் எலும்பை முறிக்கும் என்பதால் இடைவெளி காத்தல் இன்றியமையாதது.

ஜப்பானில் இதே தேவைக்கு எழுந்த இயாய்தோ என்னும் வாள், பெரும்பாலும் துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகத்தால் வார்க்கப்படுகிறது. கூர்மை ஏற்காத அவ்வுலோகம் மோதலையும் தாங்காது என்பதால், உறையிலிருந்து உருவி வீசும் தனிப்பயிற்சிக்கே அது உரியது, அதன் நீளமும் வீசுபவரின் உயரத்துக்கேற்பவே தேர்ந்தெடுக்கப்படுகிறது.