உழவர் சந்தையில் விலையை முடிவு செய்வது யார்? அங்கே எப்படி வாங்குவது?

விடிஞ்சும் விடியாத நேரத்தில் கீரைக்கட்டும் கத்தரிக்காய் மூட்டையுமாக விவசாயிகள் வந்து இறங்கும் இடம் உழவர் சந்தை. இடைத்தரகர் இல்லாமல், விளைவித்தவரே விற்க வேண்டும். அதுதான் இதன் அடிப்படை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதல்வர் கருணாநிதி தொடங்கி வைத்தார். 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு களையிழந்த சந்தைகள், 2006க்குப் பின் மீண்டும் உயிர் பெற்றன.

யார் வேண்டுமானாலும் இங்கே கடை போட்டுவிட முடியாது. நிலம், பயிர் விவரங்களைச் சரிபார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை இல்லை; தராசும் இலவசம்.

சரி, விலை? மொத்த மார்க்கெட்டிலும் வெளிக்கடைகளிலும் விசாரித்து, தினமும் காலையில் நிர்ணயித்து போர்டில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட சுமார் 20% கூடுதல், சில்லறை விலையைவிட சுமார் 15% குறைவு என்பது கணக்கு. விவசாயிக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். பேரம் பேசி மல்லுக்கட்ட வேண்டாம், போர்டைப் பார்த்துட்டு வாங்கினால் போதும்.

விவசாயி பெயரில் வியாபாரிகள் நுழைந்துவிடுகிறார்கள் என்பதுதான் பழைய புகார். அதில் அடிபடுவது நிஜ விவசாயிதான். ஒரே கடையில் ஊட்டி கேரட் முதல் நாட்டுத் தக்காளி வரை எல்லாமே குவிந்திருந்தால், 'எந்த ஊருங்க, எது உங்க தோட்டத்துக் காய்?' என்று கேட்டுப் பாருங்கள். சொந்தக் காய் என்றால் பறித்த நேரம் வரை சொல்வார்கள். போர்டைவிட அதிக விலை கேட்டால், சந்தையிலேயே இருக்கும் நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம்.

நல்ல காய் வேண்டுமா? காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கீரை வாடிவிடும்.