41 ஆட்டம், 41 வெற்றி

2013 மார்ச் 24 அன்று மினசோட்டா பல்கலைக்கழகப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி, போஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-3 என வீழ்த்தி அமெரிக்கக் கல்லூரிச் சாம்பியன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. அந்தப் பருவத்தில் ஆடியது 41 ஆட்டம், வென்றதும் 41. பேருக்கு ஒரு டிராகூட இல்லை. 46 கோல் அடித்து 55 கோலுக்கு வழிசெய்த அமாண்டா கெசல், வலைக்காவலில் ஃபின்லாந்தின் நூரா ரேட்டி, பயிற்சியாளர் பிராட் ஃப்ராஸ்ட் ஆகிய மூவரின் கணக்கில் வெற்றியை எழுதிவிடுவது வழக்கம். என் கட்சி வேறு. இதற்கான அஸ்திவாரம் சட்டப் புத்தகத்தில் விழுந்தது. அரசுப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் பால் வேறுபாடு கூடாது என்ற ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தது 1972இல். அப்படியும் இந்த அணி பிறக்க 25 ஆண்டு பிடித்தது! 1994இல் பள்ளி மாணவியர் ஐஸ் ஹாக்கியை அதிகாரபூர்வ விளையாட்டாக முதலில் ஏற்ற மாநிலம் மினசோட்டா. 2002இல் பெண்கள் அணிக்கென்றே ரிட்டர் அரங்கைப் பல்கலைக்கழகம் கட்டியது; அதுவரை ஆண்கள் அரங்கில்தான் ஆடிவந்தார்கள்.

நட்சத்திரங்களே வெளியூர்தானே, கெசல் பக்கத்து விஸ்கான்சின், ரேட்டி கடல்கடந்தவர், இதில் மாநிலத்தின் பங்கு என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கெசல் பள்ளிப் பருவத்திலேயே ஹாக்கிக்காக வந்து சேர்ந்தது மினசோட்டாவின் ஃபேரிபோ ஊருக்கு. தண்ணீர் இருக்கும் குளத்தைத்தான் பறவை தேடி வரும். எதிரணிகள் சோப்ளாங்கி என்ற வாதமோ காலிறுதியிலேயே அடிபட்டுப்போகிறது. நட்சத்திர வீராங்கனைகளான லாமரூ இரட்டைச் சகோதரிகள் ஆடிய வடக்கு டகோட்டா பல்கலைக்கழகம், வழக்கமான 60 நிமிடம் முடிந்தும் விட்டுக்கொடுக்கவில்லை. 20 நிமிடக் கூடுதல் நேரம் ஒன்று, பிறகு இன்னொன்று. மூன்றாவதில்தான் 3-2 என மினசோட்டா தப்பியது. முதலில் விழும் கோலோடு ஆட்டம் முடியும் என்கிற நிலையில் ரேட்டி 40 நிமிடத்துக்கு மேல் வலையைக் காத்தார். அரையிறுதியில் போஸ்டன் கல்லூரியை வென்றதும் கூடுதல் நேரத்தில், அதே 3-2 கணக்கில். பலவீனமான எதிரி இவ்வளவு தூரம் இழுக்கமாட்டான்.

முந்தைய பருவத்தில் தொடங்கிய வெற்றி வரிசை 62 ஆட்டம்வரை நீண்டது. 2013 நவம்பர் 17 அன்று அதை முறித்ததும் அதே வடக்கு டகோட்டாதான். அந்தப் பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில், செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லித் தன் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியைக் கலைத்துவிட்டது.