ஒரே கம்பியில் பல விளக்குகள்

1878-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது அங்குள்ள ஓப்பரா சாலையில் மின்விளக்குகள் எரிந்தன. யாப்ளோச்கோவ் என்ற ருஷ்யர் 1876-இல் காப்புரிமை வாங்கிய விளக்கு அது. இரண்டு கரிக்குச்சிகள் அருகருகே நின்று எரிந்து குறைந்துகொண்டே வரும். அதனால் பிரெஞ்சில் அதற்கு 'பூழி', அதாவது மெழுகுவர்த்தி என்று பெயர். (ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கும் பிரெஞ்சில் பூழிதான். புதுச்சேரியில் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.)

ஒரு டைனமோவின் கம்பியில் பல பூழிகளை வரிசையாகக் கோத்திருந்தார்கள். அதில் ஒன்று அணைந்தால் அந்த வரிசை முழுவதும் இருட்டு. வெளிச்சத்தைக் குறைக்கவும் வழியில்லை. பழைய காஸ் விளக்கிலாவது திருகைத் திருப்பிக் குறைக்கலாம்!

பிற்பாடு ஒவ்வொரு விளக்குக்கும் தனி இணைப்பு வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் நாம் பார்த்த மஞ்சள் சோடியம் விளக்குகளிலும் கம்பத்துக்குக் கம்பம் தனி சோக்தான். கரண்ட் போய் வந்தால் சூடு ஆறி மறுபடி எரியச் சில நிமிடம் ஆகும். சிக்கனம் என்றால் ஒன்றுவிட்டு ஒன்று அணைப்பார்கள். இரண்டாம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவருக்கு ஒரு கம்பம் வெளிச்சம், ஒரு கம்பம் இருட்டு. கண் பழகுவதற்குள் பள்ளம் வந்துவிடும். என்னைக் கேட்டால் அது சிக்கனமே அல்ல.

2015 ஜனவரியில் மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியது. பிறகு எல்.இ.டி. பரவியது. இதில் எல்லா விளக்கையும் எரியவிட்டே வெளிச்சத்தைக் குறைக்கலாம். 230 வோல்ட் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். அது மின்னோட்டத்தைக் குறைக்கும், அல்லது நொடிக்குப் பல நூறு முறை அணைத்து ஏற்றும். எல்லா டிரைவரும் இதைச் செய்யாது. குறைக்க முடியாத டிரைவருக்கு டிம்மர் போட்டால் விளக்கு சிமிட்டும்.

எங்கள் குடியிருப்பில் சுற்றுச்சுவர் விளக்குகள் எட்டு. எட்டுக்கும் ஒரே டிரைவர், செல்போனில் கூட்டிக் குறைக்கும் கருவி ஒன்று, செலவு குறைவு என்று சங்கத்தில் பேச்சு வந்தது. நான் பாரிஸ் கதையைச் சொன்னேன். வரிசையாகக் கோத்தால் ஒன்று போனாலே எட்டும் போகும். இரண்டு கிளையாகப் பிரித்தாலும், ஒரு கிளை அறுந்தால் அதன் மின்னோட்டமும் மற்றதில் பாய்ந்து சூடேறும். நம் ஊர் வெயிலில் டிரைவருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரும் சீக்கிரம் காய்ந்துவிடும்.

கடைசியில் இரண்டு டிரைவர் வாங்கினோம். ஒற்றைப்படை விளக்குகள் ஒன்றில், இரட்டைப்படை மற்றொன்றில். பெட்டிகளை வெயில் படாத படிக்கட்டின் அடியில் வைத்தோம். இரவு 11 மணிக்கு வெளிச்சம் 40 சதவீதமாகும். பால் வருமுன், 4 மணிக்கே முழு வெளிச்சம். வாட்ச்மேன் மட்டும் தன் நாற்காலிக்கு மேலுள்ள விளக்கைக் குறைக்கவே கூடாது என்றார். அதைத் தனி சுவிட்சுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டோம்.