முதல் கெடாமல்

குற்றாலத்தில் சாரல் மூன்று மாதம். ஆனி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்தால் ஆவணி வரை கூட்டம் இருக்கும். எண்ணெய் தேய்த்துவிடுபவர், துண்டு விற்பவர், பழக்கடைக்காரர், விடுதி நடத்துபவர் என்று பலருக்கும் அந்த மூன்று மாத வருவாய்தான் ஆண்டு முழுவதற்குமான சோறு. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றினால் அருவிகள் அடைபட்டபோது அந்த மூன்று மாதமும் இல்லாமற் போயிற்று.

இத்தகையோர் பணத்தை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் கைக்கு எட்டும், ஆனால் வளராது. வைப்புத்தொகையாகப் போட்டால் வளரும், ஆனால் அவசரத்துக்கு முறித்தால் வட்டி குறையும். இது வங்கிகள் வந்தபின் தோன்றிய சிக்கல் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். கல்வெட்டுப் பாடம் நடத்த நேர்ந்தபோதுதான் அவ்வெண்ணம் மாறியது.

தென்காசிக்குத் தெற்கே உள்ள அம்பாசமுத்திரத்துக்கு இளங்கோக்குடி என்பது பழம்பெயர். அங்குள்ள, 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு ஒரு கணக்கைச் சொல்கிறது. தொண்டை நாட்டில் பெண்ணையாற்றங்கரை அரைசூரில் பாசறை கொண்டிருந்த அரசன், இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுக்கிறான். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். அந்நெல்லைக்கொண்டு கோயிலில் நாள்தோறும் நான்கு வேளைத் திருவமுது நடக்கவேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: முதல் கெடலாகாது, பொலி மட்டுமே செலவாகலாம்.

பொலி என்றால் வட்டி. சோழநாட்டுக் கல்வெட்டுகளில் பலிசை என்றும் வரும். இச்சொல்லை நாம் கைவிட்டுவிட்டோம். கணவாய்க்கு அப்பால் மலையாளத்தில் அது பலிச என்று இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது. நாம் கைக்கொண்ட வட்டி என்னும் சொல்லோ சங்க நூல்களில் ஓலையால் முடைந்த பெட்டியைக் குறிக்கும். பெட்டியில் போட்டு வைத்தது வட்டி ஈட்டாது என்பது வேறு செய்தி!

இந்த ஏற்பாட்டின் உயர்ந்த வடிவம் ஆடுகள். நந்தா விளக்குக்கென ஆடுகளைக் கொடுத்தால், இடையர் அவற்றைப் பேணி நாள்தோறும் நெய் அளக்கவேண்டும். கிழடு கழியும், குட்டி வரும், எண்ணிக்கை குறையாது. அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். மூலதனம் என்பதற்கு இதைவிட அழகான தமிழ்ச்சொல்லை நான் கண்டதில்லை.

ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. கொடுத்தவனே நினைத்தாலும் அந்த 290 காசைத் திரும்ப எடுக்கமுடியாது. நாள்வழிச் செலவுக்கு இது உறுதியான ஏற்பாடு. இடி விழுந்தால் உதவாது. தென்காசிக் கோயிலைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைப்பேன். 1446இல் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இக்கோயிலுக்குக் கேடு வரக்கூடும் என்று அஞ்சியவன். அவ்வாறு நேர்ந்தால் அதைச் செப்பனிடுவோரின் காலில் நான் விழுந்து வணங்குகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்தான். 19ஆம் நூற்றாண்டில் கோபுரம் சிதைந்தது. நிலங்கள் இருந்தன, நிவந்தங்கள் இருந்தன. கோபுரம் மொட்டையாகவே நின்றது. புதிய ஒன்பது நிலைக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1990இல். அரசனின் வணக்கம் அத்தனை காலம் காத்திருந்தது.

எளிய குடும்பங்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட தீர்வு நகை. ஒரு மணி நேரத்தில் அடகு வைத்துப் பணமாக்கலாம். ஆயினும் நகை வட்டி தருவதில்லை, அடகு வைத்தால் வட்டி கேட்கிறது. ஏலச்சீட்டில் முதலிலேயே எடுப்பவர் பெருந்தொகையைத் தள்ளுபடியில் இழக்கிறார். அவசரம் உடையவனின் கழிவுதான் அவசரமற்றவனுக்கு ஆதாயம்.

கைக்கு எட்டுவதும் வளர்வதும் ஒரே இடத்தில் எளியோர்க்குக் கிடைத்தது 1882 ஏப்ரலில், அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தபோது. நாலணா இருந்தால் கணக்குத் தொடங்கலாம். வட்டி நூற்றுக்கு மூன்றே முக்கால். தென்காசியிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ள செங்கோட்டையோ 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே அஞ்சலும் வேறு, நாணயமும் வேறு. ஆங்கில ரூபாய் ஒன்றுக்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சந்தைக்குப் போய் வருபவன் மடியில் இரண்டு அரசுகளின் காசு இருந்திருக்கும்.

மூன்றேமுக்கால் போதாது என்று கருதியோர் தனியாரை நாடினர். 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. 1938 ஜூனில் திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி கதவடைத்தது. திவான் சி.பி. இராமசுவாமி ஐயரின் பகைதான் காரணம் என்பாரும், வங்கியின் நிர்வாகம்தான் காரணம் என்பாரும் உளர். பணம் போட்டவனுக்கு இரண்டும் ஒன்றே. கேட்டால் உடனே கிடைக்கும் என்ற சொல், எல்லோரும் ஒரே நாளில் கேட்காதவரைதான் மெய். 1960இல் பாலை சென்ட்ரல் வங்கியும் விழுந்தபின்னரே அரசு விழித்தது. 1962 முதல் வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. அன்று ஆளுக்கு 1,500 ரூபாய் வரை, 2020 முதல் 5 இலட்சம் வரை. முடங்கிய வங்கியிலிருந்து காப்பீட்டுத் தொகை 90 நாளில் கைக்கு வரவேண்டும் என்ற விதி 2021இல்தான் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அந்த 90 நாள்தான் பெரிய முன்னேற்றம். ஐந்தாண்டு கழித்து வரும் பணம் அவசரப் பணமாகாது.

இன்று சில வங்கிகளில் சேமிப்புக் கணக்கில் ஓர் அளவுக்கு மேற்பட்டது தானாகவே வைப்பாகிவிடும். எடுத்தால் வேண்டிய அளவு மட்டும் முறியும், மீதி வளரும். முதல் கெடலாகாது என்ற பழைய விதியைக் கொஞ்சம் நெகிழ்த்தினால் கிடைப்பது இதுதான். குற்றாலத்துக் கடைக்காரர்களில் எத்தனை பேரிடம் யாராவது இதை எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

அஞ்சலகச் சேமிப்பில் மட்டும் பழைய விதி மாறவில்லை. பத்தாம் தேதி முடிவிலிருந்து மாதக்கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே அம்மாத வட்டி. வங்கிகளிலும் 2010 மார்ச் வரை இதுவே வழக்கம். பிறகு அன்றாட இருப்புக்கு வட்டி வந்தது. வட்டி வீதத்தைப் பற்றி ஓயாமல் பேசும் நாம் இந்தப் பத்தாம் தேதியைப் பற்றிப் பேசுவதே இல்லை.

என் அம்மாவுக்கு அது தெரியும். 1980களின் இறுதியில் ஒரு மாதம் 28ஆம் தேதி அப்பாவுக்கு நெஞ்சுவலி. அஞ்சலகப் புத்தகத்தில் ஐயாயிரம் இருந்தது. எடுத்தால் அம்மாதத்து வட்டி போகும், இருபது ரூபாய் சொச்சம். பெரியம்மா தன் வளையலைக் கழற்றி, "முதல்ல இத வையி, ஒண்ணாந்தேதி எடுத்து மீட்டுக்கலாம்" என்றாள். அம்மா புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு வளையலைப் பெரியம்மாவின் கையிலேயே மாட்டிவிட்டு, அஞ்சலகம் திறக்கும் நேரத்துக்குக் கிளம்பினாள்.