வான்தீவு தேய்ந்த கதை

தீவு என்றதும் பசிபிக் கடல்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். வளையமாகப் பவளத் திட்டு, நடுவே அமைதியான நீர். எரிமலை மெல்ல அமிழ, அதன் ஓரத்தில் ஒட்டிய பவளம் மட்டும் மேல்நோக்கி வளர்ந்து இத்தகைய தீவாகிறது என்று டார்வின் 1842-இல் எழுதினார். 1952-இல் எனிவெட்டோக் தீவில் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. 110 ஆண்டுகளுக்குப் பின் அவர் கூற்று மெய்யாயிற்று.

நம் மன்னார் வளைகுடாத் தீவுகள் வேறு வகை. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள் எண்ணப்பட்டன. ஆழமற்ற கடலில் பவளப் பாறை வளர, அலையில் உடைந்த பவளத் துண்டுகளும் மணலும் அதன் பின்னே குவிந்து இவை உண்டாயின. பெயர்களைக் கவனியுங்கள்: காரைச்சல்லி, விலங்குசல்லி. உடைந்த சிறு கல்லைத்தானே நாம் சல்லி என்கிறோம்! இந்த 21-இல் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுள் மூழ்கிவிட்டன.

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான்தீவும் அவ்வழியே சென்றுகொண்டிருந்தது. 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014-இல் 2 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது.

காரணம் என்ன? கடல் மட்டம் உயர்ந்தது என்று சிலர் உடனே கூறுவர். அதற்கும் பங்கு உண்டு. ஆனால் வான்தீவைப் பொறுத்தவரை முதற் குற்றவாளி சுண்ணாம்புக் காளவாய்தான் என்பேன். பவளக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். 100 கிலோ தூய கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். பல ஆண்டுகள் கடலிலிருந்து கல்லைப் பெயர்த்துப் படகில் ஏற்றினார்கள். கட்டடத்துக்கும் ஆலைகளுக்கும் அது போயிற்று. பிழைப்புக்காகக் கல்லெடுத்த கூலியாளை மட்டும் குறை சொல்வது நியாயமன்று, வாங்குவோர் இருந்தார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் இத்தொழில் ஓய்ந்தது.

கடலடியில் கல்லை எடுத்தால், மேலே உள்ள தீவு ஏன் கரைய வேண்டும்? கல்வராயன் மலைப் பக்கம் நைனார்பாளையத்தில் வளர்ந்து கடலை அதிகம் பார்த்திராத மாணவனும் இதை எளிதில் கணக்கிடலாம். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. பவளத் திட்டு அலையின் உயரத்தைப் பாதியாக்கினால், கரையை அடையும் ஆற்றல் கால் பங்குதான். உயரம் ஐந்தில் ஒன்றானால் இருபத்தைந்தில் ஒரு பங்கு! நீரின் ஆழம் அலை உயரத்தைவிடச் சற்றே அதிகம் என்ற நிலை வரும்போது அலை உடைந்துவிடும். திட்டு இருந்தால் தொலைவிலேயே உடையும். திட்டைப் பெயர்த்து ஆழத்தைக் கூட்டிவிட்டால் தீவின் மணல்மேல் வந்து உடையும். உலகின் பல இடங்களில் செய்த அளவீடுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பவளத் திட்டுகள் அலையாற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைத் தடுப்பதாகத் தெரியவந்தது.

இந்தக் கணக்கை நம்பித்தான் 2015-இன் இறுதியிலிருந்து வான்தீவின் எதிரே துளைகள் கொண்ட கான்கிரீட் கட்டிகளை இறக்கினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை இறக்கப்பட்டன. அரிப்பு தணிந்தது, மணல் மீண்டும் சேரலாயிற்று, கட்டிகளின்மேல் இளம் பவளங்களும் பற்றிக்கொண்டன. தேய்ந்துவரும் காரைச்சல்லிக்கும் இம்முறையே வகுக்கப்பட்டது.

எனினும் கான்கிரீட் தானாக வளராது, பவளம் வளரும். பாறைபோல் திரண்டு வளரும் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. காளவாய்க்காரர் ஒரு நாளில் பெயர்த்த அரை மீட்டர்க் கல் மீண்டும் வளர ஐம்பது ஆண்டு வேண்டும். அதுவும் கடல் அளவுக்கு மீறிச் சூடேறாமல் இருந்தால்தான். 2010-இலும் 2016-இலும் சூடேறியபோது இவ்வளைகுடாவின் பவளங்கள் வெளுத்து, பல மடிந்தன.