விலக்கப்பட்ட வட்டியும் விற்கப்பட்ட துணியும்

1679-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட், அறநெறியைத் தளர்த்தும் 65 கருத்துகளைத் தவறானவை என்று கண்டித்தார். அவற்றுள் நாற்பதாவது கருத்தில் விந்தையான சொல் ஒன்று இடம்பெற்றுள்ளது: 'மொகாத்ரா'. இது இலத்தீன் சொல்லன்று. இஸ்பானிய வணிகர்கள் வாயில் வழங்கிய இச்சொல், அந்நாட்டை நெடுங்காலம் ஆண்ட முஸ்லிம்களின் அரபு மொழியிலிருந்து வந்தது. உரோமைத் திருச்சபையின் ஆவணம் ஒன்றில் அரபுச் சொல் நுழைந்த கதையைத் தேடிச் சென்றால், நாம் மக்கா நகரின் கடைவீதியில் போய் நிற்போம்.

மொகாத்ரா என்பது என்ன? பணம் தேவைப்பட்ட ஒருவர் துணி வணிகரிடம் செல்கிறார். ஓராண்டு கழித்து 120 காசு தருவதாக ஒப்புக்கொண்டு ஒரு கட்டுத் துணியைக் கடனுக்கு வாங்குகிறார். வாங்கிய கையோடு அதே வணிகருக்கு அதனை 100 காசு ரொக்கத்துக்கு விற்றுவிடுகிறார். துணி அலமாரியை விட்டு இறங்கவே இல்லை. ஆனால் 100 காசு கைமாறிவிட்டது. ஆண்டு முடிவில் 120 காசு திரும்பவேண்டும். இதில் வட்டி என்ற சொல் எங்கும் இல்லை. நடந்தவை இரண்டு விற்பனைகள் மட்டுமே!

இந்தச் சூழ்ச்சி ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, தடை பிறந்த இடத்தை முதலில் காணவேண்டும். மக்கா உழவுக்கு ஏற்ற ஊரன்று, வறண்ட பள்ளத்தாக்கு. குறைஷி குலத்தார் குளிர்காலத்திலும் கோடையிலும் அனுப்பிய வணிகக் கூட்டங்களே அவ்வூரின் உயிர்மூச்சு. அங்கே கடன் கொடுக்கல் வாங்கல் இயல்பாக இருந்தது. அதில் ஒரு கொடிய வழக்கமும் இருந்தது. தவணை நாள் வந்ததும் கடன் கொடுத்தவர், "தருகிறாயா, கூட்டுகிறாயா?" என்று கேட்பார். தர இயலாதவன் தவணையை நீட்டிக்கொள்வான், தொகையும் கூடும். மறு தவணையில் மீண்டும் கூடும். இவ்வாறு பன்மடங்காகப் பெருகிய கடனையே திருக்குர்ஆன் மூன்றாம் அதிகாரத்தில் பெயர் சுட்டித் தடுக்கிறது. அரபு மொழியில் அதற்கு 'ரிபா' என்று பெயர். பெருக்கம், மிகுதி என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள்.

இரண்டாம் அதிகாரத்தின் இறுதிப் பகுதி இதனை இன்னும் விரிவாகப் பேசுகிறது. வணிகமும் வட்டியைப் போன்றதுதானே என்று வாதிட்டவர்களை அது மறுத்து, முன்னதை ஆகுமானதாகவும் பின்னதை விலக்கப்பட்டதாகவும் தீர்க்கிறது. கடனாளி நெருக்கடியில் இருந்தால் அவனுக்கு வசதி வரும்வரை காத்திருக்கவேண்டும். கடனைத் தள்ளிவிடுவது அதனினும் நல்லது என்கிறது. இதை அடுத்து வருவதே அம்மறைநூலின் மிக நீண்ட வசனம். கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைத்துக்கொள்வதையும் பற்றியது அது. கடன் கொடுத்தவரின் முதல் காக்கப்படவேண்டும் என்பதிலும் அந்நூலுக்கு அக்கறை உண்டு. அது மறுப்பது, ஒருவனுடைய இயலாமையே மற்றொருவனுக்கு வருமானமாவதை.

632-இல் நபிகள் நாயகம் நிகழ்த்திய இறுதிப் பேருரையில், பழைய காலத்து வட்டிப் பாக்கிகள் அனைத்தும் நீக்கப்பட்டன என்று அறிவித்தார் என மரபு கூறுகிறது. முதலாவதாக அவர் நீக்கியது, தம் தந்தையின் உடன்பிறந்தவரான அப்பாசுக்கு வரவேண்டிய வட்டியை. ஊரார் சொத்தில் சீர்திருத்தம் செய்வது எளிது. சொந்தச் சிற்றப்பாவின் கணக்கில் கைவைப்பது அத்துணை எளிதன்று.

எனினும் எல்லை எங்கே என்பது பின்வந்தோருக்கு எளிதாக விளங்கவில்லை. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சை, உப்பு ஆகிய ஆறும் அதனதன் இனத்தோடு மாற்றப்படும்போது அளவு சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்கவேண்டும் என்பது நபிமொழி. ஒருமுறை பிலால் என்பவர் நல்ல பேரீச்சம்பழம் கொண்டுவந்தார். தாழ்ந்த தரத்துப் பழம் இரண்டு படி கொடுத்து, இதில் ஒரு படி வாங்கியதாகச் சொன்னார். நபிகள் அதை ரிபா என்று கண்டித்தார். உன் பழத்தை விற்றுப் பணமாக்கி, அப்பணத்தால் நல்லதை வாங்கு என்று வழிகாட்டினார். இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றலாம். ஆயின் பண்டம் சந்தைக்குப் போனால் அதன் விலை ஊரறியத் தெரிந்துவிடும், அறியாதவன் ஏமாறமாட்டான் என்று விளக்குவோர் உண்டு. கலீஃபா உமர், ரிபாவைப் பற்றி நபிகள் இன்னும் தெளிவாக விளக்கியிருக்கலாகாதா என்று ஏங்கியதாகவும் ஒரு செய்தி உள்ளது. அவர் ஏக்கம் பொருளற்றதன்று.

பணம் பெட்டியில் உறங்கவேண்டும் என்று அச்சட்டம் சொல்லவில்லை. 'முளாரபா' என்னும் கூட்டு முறை அங்கே வழக்கில் இருந்தது. ஒருவர் முதலிடுவார், மற்றவர் உழைப்பார். ஈட்டம் முன்னரே பேசிய விகிதப்படி பங்கிடப்படும். நட்டம் வந்தால் முதலிட்டவர் தம் பொருளை இழப்பார். உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார். கதீஜா அம்மையாரின் சரக்கோடு இளமையில் நபிகள் சிரியா சென்றதை இவ்வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வர். கப்பல் மூழ்கினால் சரக்குக்குரியவரும் சேர்ந்து இழக்கவேண்டும். இஸ்லாமியப் பொருளியல் அறத்தின் நடுத்தூண் இதுவே என்பது என் கருத்து: ஆபத்தில் பங்கில்லாதவனுக்கு ஆதாயத்திலும் பங்கில்லை.

ஆனால் ஆபத்தில் பங்கேற்க எல்லாரும் விரும்புவதில்லை. எனவே துணிக் கட்டு வந்தது. அரபு மொழியில் 'ஈனா' என்றும் 'முகாதரா' என்றும் அழைக்கப்பட்ட இந்த இரட்டை விற்பனையைப் பற்றிச் சட்ட அறிஞர்கள் பிளவுபட்டனர். ஒப்பந்தத்தின் வெளி வடிவம் சரியாயிருந்தால் அது செல்லும் என்றது ஷாஃபி வழி. உள்நோக்கத்தைப் பார்த்து அதனை மறுத்தன மாலிக், இப்னு ஹன்பல் ஆகியோரின் வழிகள். பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரின் இப்னு கய்யிம், இத்தகைய சட்டத் தந்திரங்களைக் கடுமையாகச் சாடினார்.

தந்திரம் என்றதும் பேராசைக்காரர்களையே நினைத்துவிடலாகாது. உதுமானியப் பேரரசில் நிலம், கட்டடம் இவற்றோடு பணத்தையும் வக்ஃபு அறக்கட்டளையாக எழுதிவைக்கும் வழக்கம் பரவியது. அப்பணம் பெரும்பாலும் 10 முதல் 15 விழுக்காடு வருவாய்க்குக் கடனாகத் தரப்பட்டது. போலி விற்பனையே அதற்குப் போர்வை. அவ்வருவாயில்தான் பள்ளிவாசலின் விளக்கு எரிந்தது, ஆசிரியர் ஊதியம் பெற்றார், ஏழை உண்டார். பதினாறாம் நூற்றாண்டில் இது பெரும் பூசலாயிற்று. பேரரசின் தலைமைச் சமய அறிஞர் அபுஸ்ஸவூத், மக்களின் நெடுநாள் வழக்கத்தையும் அறநிலையங்களின் நலனையும் காட்டி அதை ஆதரித்தார். சுல்தான் சுலைமானும் 1548-இல் இசைவளித்தார். நேர்மைக்குப் பேர்போன பிர்கிவி என்னும் அறிஞரோ, பாவத்தின் பணத்தில் புண்ணியம் தேடலாகாது என்னும் நிலையில் உறுதியாக நின்று மறுப்பு நூல் எழுதினார். இருவரில் யார் பக்கம் நிற்பது என்று என்னால் இன்றளவும் எளிதில் முடிவுசெய்ய இயலவில்லை.

இதே வழக்கு நம் வீட்டிலும் நடந்ததே! 325-இல் நீசேயா பொதுச்சங்கம் குருக்கள் வட்டி வாங்குவதைத் தடுத்தது. 1179-இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்வோருக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. அதற்குப் பின்னரே, 1462-இல் இத்தாலியின் பெரூஜியா நகரில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்கான அடகு நிலையம் தொடங்கினர். பணியாளரின் ஊதியத்துக்கென்று சிறு தொகை வாங்கினர். அதுவும் வட்டியே என்று தோமினிக்கன் துறவிகள் பலர் எதிர்த்தனர். 1515-இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் அதற்கு ஒப்புதல் அளித்தபின்னரே பூசல் அடங்கியது. இஸ்தான்புல்லில் அபுஸ்ஸவூத் விடையளித்த வினாவும் ஏறத்தாழ இதுவே.

மொகாத்ராவை ஏற்ற நம் அறநெறி நூலார் சிலரும் இருந்தனர். கடன்பட்டவரோடு திரும்ப விற்பதை முன்கூட்டிப் பேசிக்கொண்டாலும் குற்றமில்லை என்பது அவர்கள் கருத்து. இயேசு சபையினரோடு வாதிட்ட பாஸ்கல், 1656-இல் தொடங்கிய தம் கடிதங்களில் இந்தச் சொல்லை வைத்தே அவர்களை எள்ளி நகையாடினார். அக்கடிதங்கள் திருச்சபையின் தடைநூற்பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆயினும் அவர் நகைத்த அதே கருத்தைத்தான் 1679-இல் திருத்தந்தையும் கண்டித்தார். பதினான்காம் பெனடிக்ட் 1745-இல் வட்டித் தடையை மீண்டும் உறுதிசெய்தார். 1917-இன் திருச்சபைச் சட்டத்தொகுப்போ, நாட்டுச் சட்டம் ஒப்பிய வட்டியை, அது அளவு மீறியது என்று தெரியாதவரை, ஏற்றுக்கொண்டது. நம்மிடையே அந்த வழக்கு அத்தோடு ஏறக்குறைய முடிந்தது.

முஸ்லிம்களிடையே அது முடியவில்லை. 1963-இல் எகிப்தின் நைல் கழிமுகத்தில், மித் கம்ர் என்னும் ஊரில், அகமது அல்-நஜ்ஜார் ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். ஜெர்மனியின் சிற்றூர்ச் சேமிப்பு வங்கிகளே அவருக்கு முன்மாதிரி. வட்டிக்கு அஞ்சி வங்கி வாசலை மிதியாத உழவர்கள் தங்கள் சிறு சேமிப்பை அங்கே இட்டனர். தேவைப்பட்டோர் வட்டியில்லாக் கடன் பெற்றனர். தொழில் முதலீடு இலாப நட்டப் பங்கில் நடந்தது. 1967-இல் அரசு வங்கிகள் அதனை விழுங்கிவிட்டன. ஆனால் 1975-இல் துபாயில் இஸ்லாமிய வங்கி தோன்றியது. அதன்பின் பல நாடுகளில் பல.

இவற்றுள் பெரும்பாலானவை முளாரபாவைவிட, பொருளை வாங்கிக் கூடுதல் விலைக்குத் தவணையில் விற்கும் முறையையே நாடின. சில இடங்களில் வாடிக்கையாளர் வங்கியிடமிருந்து உலோகத்தைக் கடனுக்கு வாங்க, வங்கியே அவர் சார்பில் அதனை மூன்றாம் ஒருவருக்கு ரொக்கத்துக்கு விற்றுத் தருகிறது. உலோகம் கிடங்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். பன்னாட்டு இஸ்லாமியச் சட்டக் கழகம் 2009-இல் ஷார்ஜாவில் கூடி, இவ்வாறு முன்னேற்பாடாக அமைக்கப்படும் விற்பனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. மலேசியாவின் மைய வங்கிக்குரிய சமய அறிஞர் குழுவோ அதனை ஏற்றுள்ளது. அங்கே அது இன்றும் பரவலாக நடைபெறுகிறது.